உத்திரமேரூரில் என் பழைய நோயாளி

அவரை எதற்காகத் தேடுகிறேன் என்று யாரிடமும் சொல்லக்கூடாது. டாக்டர் எனக்குப் போட்ட ஒரே கட்டளை அதுதான். காரணம் சொல்லாமல் ஒரு மனிதரைத் தேடுவது எவ்வளவு பெரிய வம்பு என்பது, மலேசியாவின் கிள்ளானில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பேசியபோது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

நான் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே எங்களை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். கள்ளும் சம்சு என்கிற மலிவுச் சாராயமும் குடித்து ஈரல் வீங்கி வருகிறவர்களை எங்கள் டாக்டர் படுக்க வைத்து வைத்தியம் பார்ப்பார். அதோடு விடமாட்டார். வீட்டுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள், மறுபடி குடித்தார்களா, குடிக்காமல் இருந்தால் எப்படி முடிந்தது என்று வருஷா வருஷம் தேடிப் பிடித்து எழுதி வைப்பார். தோட்டத்திலேயே இருப்பவர்களைப் பிடிப்பது சுலபம். குடியுரிமைத் தாள் இல்லாமல் வேலை போய்க் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தவர்களை எங்கே பிடிப்பது? அப்படிப் போன நாலு பேரில் ஒருவருடைய முகவரிதான் எங்களிடம் இருந்தது. போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. தங்கை கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க நான் காஞ்சிபுரம் போகிறேன் என்று தெரிந்ததும் டாக்டர் ஒரு ஃபாரத்தை என் பையில் வைத்துவிட்டார்.

அந்த மனிதரை இதில் ஏகாம்பரம் என்று எழுதுகிறேன். அது அவர் பெயர் இல்லை. உத்திரமேரூரிலிருந்து நாலைந்து மைல் தள்ளி இருக்கும் அவருடைய ஊரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். மற்றதை எல்லாம் தாராளமாக எழுதச் சொன்னவர் அவரேதான்.

முதல் நாள் காலை பட்டு வேலை முடிந்தது. நெசவுக்காரர் வீட்டில் நான் ஒரு ரோஜா நிறப் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தபோது, அவர் மனைவி தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். நெசவுக்காரர் கொஞ்சம் தயங்கி மொழிபெயர்த்தார்: இந்த நிறம் கல்யாணப் பெண்ணுக்காக இருந்தால் சரி, உனக்காக இருந்தால் வேண்டாம் என்கிறாளாம். இரண்டு புடவை எடுத்தேன். இரண்டும் தங்கைக்கு.

மத்தியானம் உத்திரமேரூர் பஸ். என் காலடியில் ஒரு ஆட்டுக்குட்டி, மடியில் யாரோ கொடுத்த தூக்குவாளி. பாலாறு வந்தால் சொல்லுங்கள் என்று பக்கத்தில் இருந்த பெரியவரிடம் சொல்லி வைத்தேன். அப்பா சின்ன வயதில் நீந்திய ஆறு, பார்க்க ஆசை.

"நடுவுலதாம்மா போய்க்கினு கீறோம்" என்றார் அவர்.

எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல். எங்கள் ஊரில் ஆறு என்றால் வருஷம் பூராவும் பழுப்பாக ஓடிக்கொண்டிருக்கும், அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். இங்கே தண்ணீரே இல்லாத ஆற்றைப் பற்றி அந்தப் பெரியவர் இறங்கும்வரை பெருமையாகப் பேசிக்கொண்டு வந்தார்.

உத்திரமேரூரில் முனிரத்தினம் என்பவர் ஓட்டல் வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் அவர் குடும்பம் இருந்த வீட்டில் ஒரு அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். யார் வீட்டுக்கு வந்தாய் என்று கேட்டார். ஏகாம்பரம் என்றேன். என்ன விஷயமாக என்றார். சும்மா பார்க்க என்றேன். மலேசியாவிலிருந்து ஒரு பெண் தனியாகச் சும்மா பார்க்க வருவாளா? முனிரத்தினம் தோசையைத் திருப்பிப் போட்டார்.

சாயங்காலம் கல்வெட்டுக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கடையில் மூன்று கதைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏகாம்பரத்தைத் திரும்பக் கூட்டிப் போக வந்திருக்கிறாள் என்பது ஒன்று. அவருடைய சொந்தக்காரர் அங்கே இறந்துபோனார் என்பது இன்னொன்று. மூன்றாவது கதையை நான் நுழைந்ததும் நிறுத்திவிட்டார்கள். பேச்சை மாற்றுவதற்காக முனிரத்தினம் கல்வெட்டைப் பற்றி ஆரம்பித்தார். அந்தக் காலத்திலேயே குடிகாரனைச் சபைத் தேர்தலில் நிற்க விடமாட்டார்களாம். என் பையில் இருந்த ஃபாரத்தைப் பற்றித் தெரிந்துதான் சொல்கிறாரோ என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இரண்டாம் நாள் காலையில் இட்லியும் வடகறியும். பசியாறிவிட்டேன் என்று நான் சொன்னது முனிரத்தினத்தின் மனைவிக்குப் புரியவில்லை. அவர் நாஷ்டா ஆச்சா என்று கேட்டது எனக்குப் புரியவில்லை. வடகறி இரண்டு பேருக்கும் புரிந்தது. மூன்று முறை வாங்கிக்கொண்டேன்.

ஊருக்குப் போகும் பஸ் அன்றைக்கு வரவில்லை. வாடகை சைக்கிள் எடுக்கலாம் என்று போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், பெண்களுக்குக் கொடுத்துப் பழக்கமில்லை என்றார். தோட்டத்தில் வீடு வீடாக மருந்து கொண்டுபோவதே சைக்கிளில்தான் என்று சொல்லி, தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். முனிரத்தினம் ஜாமீன் நின்றார். நான் தெருமுனை திரும்பும்வரை கடைவீதியே வெளியில் வந்து நின்றது.

நிலக்கடலைக் கொல்லை, பனைமரம், மறுபடி கொல்லை. இரண்டு மைல்கூட வந்திருக்க மாட்டேன், கருவேல முள் டயரை ஒரு வழி பண்ணிவிட்டது. தள்ளிக்கொண்டே நடந்தேன். கடலைக்கொடி ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, சைக்கிளைத் தூக்கிக் கொடி மேல் போட்டார். என்னையும் ஏறச் சொன்னார். ஏகாம்பரத்தின் ஊருக்குள் நான் நுழைந்தது அப்படித்தான்: வண்டி உயரத்துக்கு மேல், கடலைக்கொடி மெத்தையில், தலைகீழான சைக்கிளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

ஊர் எல்லையில் சாராயக் கடை இருந்தது. மதுவிலக்கு நீங்கிக் கடைகள் மறுபடி திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். காலை நேரத்திலேயே ஐந்தாறு பேர் நின்றார்கள். பக்கத்தில் ஒருவர் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடையில் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து ஊற்றுவார்கள். இங்கே வலை இல்லை. நின்றவர்களின் முகம் மட்டும் ஒரே மாதிரி இருந்தது. என் மனது கொஞ்சம் கனத்தது. ஏகாம்பரம் தினமும் இதைத் தாண்டித்தானே போய்வர வேண்டும்?

வண்டிக்காரரிடம் கேட்டேன். ஏகாம்பரம் ஏரி மதகைத் திறந்து மூடுகிறவர் என்று சொன்னார். யார் கழனிக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் கையில். முன்னால் இருந்த ஆளை ஒரு பாட்டிலுக்கு வாங்கிவிடலாமாம். இவரை முடியாதாம், ஊரே கூடி இவரை வைத்ததற்கு அதுதான் காரணமாம். "அந்த வாசனயே ஆவாது அவருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இந்த ஃபாரத்தை நான் வெளியில் எடுத்தால் அந்த வேலை என்ன ஆகும்?

ஏரிக்கரையில் ஏகாம்பரம் மதகு திறக்கும் இரும்புக் கம்பியோடு நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. ஆனால் அவரேதான். பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் வார்டில் படுத்துக்கொண்டு, சுவரெல்லாம் கட்டெறும்பு ஏறுகிறது என்று கத்திய மனிதர். குடியை நிறுத்திய மூன்றாம் நாள் சிலருக்கு அப்படித் தோன்றும். நான் வேலைக்குப் புதுசு, என்ன செய்வதென்று தெரியாமல் விளக்குமாற்றை எடுத்து வெறும் சுவரைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். அவர் தூங்கிய பிறகுதான் நிறுத்தினேன்.

"மிஸ்ஸி" என்றார் ஏகாம்பரம். கம்பி கையிலிருந்து நழுவியது.

பக்கத்தில் இருந்த விவசாயிகள் நாலைந்து பேருக்கு அது 'மிசஸ்' என்று விழுந்துவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் உடனே மலாய்க்கு மாறினார். ஜாங்கான், ஜாங்கான் என்றார், அதாவது வேண்டாம், வேண்டாம். இங்கே யாருக்கும் தெரியாது, என் பெண்சாதிக்குக்கூடத் தெரியாது, தயவுசெய்து ஒன்றும் சொல்லாதீர்கள் என்று மலாயில் கெஞ்சினார். நானும் மலாயிலேயே, சொல்ல மாட்டேன் என்றேன். புரியாத மொழியில் ஒரு ஆணும் பெண்ணும் கண் கலங்கிப் பேசிக்கொள்வதை ஊர் வாய் பிளந்து பார்த்தது.

பிறகு அவர் கூட்டத்தைப் பார்த்து, என்னைத் தன் அக்கா மகள் என்றார்.

அக்கா மகள் என்றால் கட்டிக்கொள்ளும் முறை. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இல்லை, அண்ணன் மகள் என்று திருத்தினார். அந்தத் திருத்தம் எங்களை முழுசாகக் கவிழ்த்துவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரின் கடிதங்கள் அத்தனையும் வந்து சேர்ந்தனவாம். நெல் குதிரில் ஒளித்து வைத்திருக்கிறாராம். இங்கே வந்து கல்யாணம் கட்டி, பழைய கதையை மூடி, ஆஸ்பத்திரியை விட்டதிலிருந்து எட்டு வருஷம் தொடாமல் இருந்திருக்கிறார். சாராயக் கடை திறந்த மாசம் தடுமாறிவிட்டார். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் தானாகவே நின்றுவிட்டாராம். அதற்குப் பிறகு இல்லை. டாக்டரின் ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டேனே, அவருக்குப் பொய் எழுத மனசு வரவில்லை, நிஜம் எழுதக் கை வரவில்லை என்றார். விழுந்தவர்கள் எப்படி எழுந்தார்கள் என்பதைத்தான் டாக்டர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பவில்லை. ஃபாரத்தில் இன்னொரு கஷ்டமும் இருந்தது: கூட இருப்பவர் ஒருவருடைய வார்த்தையும் அதில் வேண்டும்.

அவர் மனைவி கன்னியம்மா வாசலில் நின்றார். செய்தி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, உள்ளே வா என்றார். கேழ்வரகுக் களியும் ஏரி மீன் குழம்பும் வைத்தார். களியை நான் மென்றேன். மெல்லக்கூடாது, அப்படியே விழுங்க வேண்டுமாம். சந்தேகம் இருந்த கண்ணோடுதான் சொல்லிக் கொடுத்தார், ஆனாலும் நான் விழுங்கி விழித்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதிரி ஒரு மீன் குழம்பை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. அண்ணன் மகள் என்று ஆன பிறகு திரும்பிப் போக விடுவார்களா? இரவு அங்கேயே தங்கினேன்.

மூன்றாம் நாள் காலையில் கன்னியம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து நீ என்ன நாலு தபா அக்கான்னே. சித்தப்பன் பொண்டாட்டிய எந்த ஊர்லம்மா அக்கான்னு கூப்புடுவாங்க?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"அவரு ஒளிச்சி வெச்சதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஒண்ணு கீதுன்னா, அது நீதான்" என்றார்.

நீங்கள் நினைப்பது இல்லை என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவர்தான் சொல்ல வேண்டும் என்றேன். கன்னியம்மா எழுந்து நேராக ஏரியைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

தண்ணீர் முறைக்காக ஆறேழு பேர் மதகடியில் காத்திருந்தார்கள். கன்னியம்மா அவர்களைப் பொருட்படுத்தவில்லை. இந்தப் பெண் யார் என்று புருஷனைக் கேட்டார். ஏகாம்பரம் என் பக்கம் திரும்பி, சொல்லிவிடட்டுமா என்று மலாயில் கேட்டார். மலாய் பேசி வந்த வினை போதும் என்று நான் தமிழிலேயே பதில் சொன்னேன். "அது உங்க விஷயம், அண்ணே. சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்."

அண்ணே என்றதும் கூட்டத்தில் ஒருவர் இருமினார்.

ஏகாம்பரம் கம்பியைக் கீழே வைத்தார். "இவுங்க ஆஸ்பத்திரி நர்ஸு. அங்க நான் மொடாக்குடிகாரன். கை நடுங்கி, ரப்பர் பால்மரம் வெட்டுற கத்தியப் புடிக்க முடியாம, என்னைத் தூக்கிக்கினு போயி படுக்க வெச்சாங்க. ஆறு வாரம். இவுங்கதான் பாத்துக்கினாங்க. இப்ப ஒயுங்கா கீறனான்னு பாக்க வந்துகீறாங்க."

அவரே தொடர்ந்தார். இங்கே கடை திறந்த மாசம் பதினோரு நாள் குடித்ததையும் சொன்னார். வேறு ஆளை மதகுக்கு வைப்பதானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மனைவியைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

கன்னியம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி தெரியாது. பதினோரு நாளு தெரியும். வாசன வராதா எனக்கு? கேட்டா வெக்கப்பட்டுக்கினு மறுபடியும் போயிடுவியோன்னு வாயத் தொறக்கல. அன்னியிலேந்து ஏன் சாயங்காலம் மதகாண்டயே சோறு எடுத்தாரேன்? மூட்டு வலிக்கு நடக்கறேன்னு நெனச்சிக்கினியா?"

இரண்டு வருஷமாகத் தினமும் சாயங்காலம் ஒரு தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுவந்து, சாப்பிட வைத்து, சாராயக் கடையைத் தாண்டும் வரை புருஷனோடு கூடவே நடந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூட்டு வலி என்றே ஏகாம்பரம் நம்பியிருக்கிறார். சந்தையிலிருந்து தைலம்கூட வாங்கிவந்து கொடுத்தாராம்.

இருமிய விவசாயிதான் முதலில் பேசினார். ருசியே தெரியாதவன் வேண்டாம் என்பதில் என்ன இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொண்டு வேண்டாம் என்கிறானே, இவனல்லவா காவல் என்றார். பிறகு, தண்ணீரைத் திறக்கப்போகிறாயா இல்லையா, என் நாற்று காய்கிறது என்றார். ஏகாம்பரம் கம்பியை எடுத்தார். மதகுக்குள் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்தும் செய்தார். நானும்தான்.

அதற்குப் பிறகு ரகசியம் எதற்கு? பனைமரத்தடியில் ஃபாரத்தை விரித்தேன். ஏகாம்பரத்தைக் கரையில் படுக்க வைத்து, வலது விலாவுக்குக் கீழே அழுத்தி ஈரலைத் தேடினேன். தட்டுப்படவில்லை, அது நல்ல சேதி. கண் வெள்ளையாக இருந்தது. கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஃபாரத்தையே வைத்தேன். நடுக்கம் இருந்தால் தாள் காட்டிக் கொடுத்துவிடும். தாள் அசையவில்லை. அதே சமயம் ஏரிக்காற்று ஒன்று வந்து தாளைத் தூக்கிக்கொண்டு போய் நாற்றங்காலில் போட்டது. டாக்டரின் ஆராய்ச்சியைப் பிடிக்க ஆறு பேர் சேற்றில் இறங்கினார்கள்.

சேற்றைத் துடைத்துவிட்டு எழுதினோம். நிறுத்த உதவியது எது என்று ஒரு கேள்வி. மருந்து, ஆஸ்பத்திரி, கோயில் வேண்டுதல், வேறு என்று கட்டங்கள். ஏகாம்பரம் யோசித்துக்கொண்டே இருந்தார்.

"மீன் கொயம்புன்னு எயுதிக்கோ" என்றார் கன்னியம்மா.

'வேறு' என்ற கட்டத்தில் அதையே எழுதினேன். பக்கத்தில், மனைவி தினமும் உடன் நடந்தார் என்றும் எழுதினேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். அருகில் வந்து கையை நீட்டினார். தாளை வைத்தேன். படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் அதையே பார்த்தார். மத்தியானத்துக்குள் இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒருவரை அவர் மனைவி இழுத்துக்கொண்டு வந்தார். நான் டாக்டர் இல்லை, மருந்தும் கொண்டுவரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தினமும் விடாமல் குடிக்கிறவர் வீட்டில் இருந்தபடி ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, அதனால் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்து நிறுத்துங்கள் என்றேன். வந்த பிறகு தனியாக இருக்காதீர்கள் என்றேன். சாயங்காலம் தான் மதகடியில்தான் இருப்பதாகவும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றும் ஏகாம்பரம் சொன்னார். கட்டெறும்புக் கதையை அவரே அவர்களுக்குச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

நாலாம் நாள் ஊருக்குள்ளேயே பஸ் வந்தது. பஞ்சர் ஒட்டிய சைக்கிள் கூரை மேல் ஏறியது. வறுத்த வேர்க்கடலை ஒரு பை, கருவாடு ஒரு பொட்டலம், எண்ணிக்கை இல்லாத வாழைப்பழம் எல்லாம் என் மடியில் ஏறின. நான் ஏறி உட்கார்ந்த பிறகும் கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை. செய்தி அவருக்கும் போயிருந்தது. சீட்டுக் கட்டை டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்து, என் முன்னால் கையை நீட்டினார்.

கொஞ்சம் ஆடியது. வண்டி ஆடுகிறது என்றார். எஞ்சினே இன்னும் ஓடவில்லை என்று டிரைவர் முன்னாலிருந்து சொன்னார். பஸ்ஸே சிரித்தது, கண்டக்டரும் சேர்ந்துதான். மதகடியில் ஒருவர் இருக்கிறார், லீவு நாளில் போய்ப் பாருங்கள் என்றேன். தெரியும், அவரும் நானும் ஒரே ஊர்தான் என்றார்.

கிள்ளானில் டாக்டர் அந்தச் சேற்று ஃபாரத்தை ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார். மீன் குழம்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று என்னைக் கேட்டார். நீங்கள்தானே படித்தவர் என்றேன்.

ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கையெழுத்து ஏகாம்பரத்துடையது, வார்த்தை கன்னியம்மாவுடையது. ஐந்து பேரில் இரண்டு பேர் செங்கல்பட்டு போய்ப் படுத்து எழுந்து வந்து, தினமும் மதகடிக்கு வருகிறார்களாம். ஒருவர் வருகிறார், காணாமல் போகிறார், மறுபடி வருகிறார். இரண்டு பேர் வரவே இல்லை. கண்டக்டர் லீவு நாளில் தவறாமல் வந்து எல்லோருடைய பங்கு மீனையும் தின்றுவிட்டுப் போகிறாராம். கடைசி வரி இப்படி இருந்தது:

"அடுத்த தபா வேலயா வராத. சும்மா வா. களி முயுங்க இன்னும் நீ ஒயுங்காக் கத்துக்கல."